ஆறு வயது வரை யாருடைய குழந்தை? – திண்டுக்கல் சமவெளியின் பால்வாடிகளை முன்வைத்து

1

அங்கன்வாடி அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனக் கையேடுகளிலும் சமீப வருஷங்களாக ஒரு சொற்சேர்க்கை திரும்பத் திரும்ப வருகிறது: குடும்பத்தோடு கூட்டாண்மை. குழந்தையின் முதல் ஆசிரியர் தாய். வீடே முதல் பள்ளி. ஆகவே எல்லாக் குழந்தைகளையும், குறிப்பாக மாற்றுத்திறன் குழந்தைகளையும் உள்ளடக்கிய முன்பருவக் கல்விக்குக் குடும்பம் கூட்டாளியாக வேண்டும் என்கிறார்கள். யாரும் மறுக்க முடியாத வாக்கியம். இப்படி மறுக்க முடியாததாக ஒரு வாக்கியம் வந்து நிற்கும்போதுதான், அதன் பின்னால் என்ன நகர்ந்துபோனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கூட்டாளி என்றால் யார்? முதல் போட்டவர், கணக்குக் கேட்கக்கூடியவர், கடை எத்தனை மணிக்குத் திறப்பது என்று சேர்ந்து முடிவெடுப்பவர். பூட்டுப் பட்டறையிலோ பூக்கடையிலோ கூட்டுச் சேர்ந்தவர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். திண்டுக்கல்லைச் சுற்றிய சமவெளியில் முன்பருவக் கல்வி என்ற பெயரில் நடந்தவற்றை எண்பது வருஷத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தால், குடும்பம் இந்த அர்த்தத்தில் அநேகமாகக் கூட்டாளியாக இருந்ததே இல்லை. அது அழைக்கப்பட்டது, அறிவுறுத்தப்பட்டது, கணக்கெடுக்கப்பட்டது, அதன் குழந்தை எடைபோடப்பட்டது. கணக்கைக் கேட்கும் இடத்தில் மட்டும் அதை யாரும் உட்காரவைக்கவில்லை. இந்த வரலாற்றில் சில இடங்களை மட்டும் இங்கே தொட்டுப் பார்க்கிறேன்.

2

முதலில் மலை. மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அடுத்த வருஷம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். அவருடைய மகன் மாரியோ சிறைப்பிடிக்கப்பட்டுச் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை மாண்டிசோரி கொடைக்கானலில் இருந்தார். அன்றைக்கு அது மதுரை ஜில்லா. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது கொடைக்கானல் நம் பக்கம் வந்தது. பல வயதுக் குழந்தைகள் கலந்து படித்த ஒரு சிறு பள்ளி அங்கே நடந்தது. அவருடைய முறையின் பிற்காலக் கருத்துகள் பல அங்குதான் உருப்பெற்றன என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதை ஊர்ப்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டோம் என்பதற்காகச் சொல்கிறேன். மாண்டிசோரி 1900 வாக்கில் ரோமில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்த டாக்டர். இத்தார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அத்தகைய குழந்தைகளுக்காகச் செய்த சோதனைகளை எடுத்துக்கொண்டு கட்டைகள், துளைப்பலகைகள், சொரசொரப்பான எழுத்துகள் என்று ஒரு கருவித் தொகுதியை உண்டாக்கினார். அந்தக் குழந்தைகளில் சிலர் மற்றவர்களுக்கு நிகராகப் பரீட்சை எழுதித் தேறினார்கள். எல்லோரும் அதிசயம் என்றார்கள். அவரோ, ‘நல்லா இருக்கிற’ குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு கீழே வைத்திருந்தால் இது சாத்தியமாகும் என்று திருப்பிக் கேட்டார். 1907 ஜனவரி 6இல் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். ஆக ஊனமுற்ற குழந்தையிடம் கற்று, கூலிக்காரர் குழந்தையிடம் சோதித்துப் பார்த்து உருவான முறை அது. இன்றைக்கு நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் ‘மாண்டிசோரி’ என்ற சொல் யாரைக் கூப்பிடுகிறது, யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து சமவெளிக்குப் பெயர் இறங்கியது. யாருக்காக என்பது இறங்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த முதல் இல்லத்தை வைத்தது குடியிருப்புக்குச் சொந்தமான கட்டடக் கம்பெனி. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்பது அவர்கள் கவலை. சுவரில் விதிகள் ஒட்டப்பட்டன: தாய்மார் குழந்தையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், ஆசிரியைக்கு மரியாதை தர வேண்டும், வாரம் ஒருமுறையாவது அவரிடம் வந்து பேச வேண்டும், மரியாதை தவறினால் குழந்தை வெளியேற்றப்படலாம். ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருந்தார், எப்போதும் அணுகலாம் என்பது உண்மை. ஆனாலும் ஒப்பந்தத்தின் எல்லா ஷரத்துகளும் தாயின் பெயரில்தான் இருந்தன. ‘கூட்டாண்மை’ என்ற சொல்லின் பிறப்புச் சான்றிதழில் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

3

இனி சமவெளி. 1947 அக்டோபரில் சின்னாளபட்டிக்கு அருகே டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1945இல், சேவாகிராம மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியின் எல்லையை விரித்திருந்தார். ஏழு வயதில் தொடங்குவது கல்வியல்ல, கருவில் தொடங்கிச் சாவில் முடிவதே கல்வி என்றார். முன் ஆதாரக் கல்வி என்ற சொல் அதிலிருந்து வந்தது. கைத்தொழிலும் சுத்தமும் பாட்டும் சேர்ந்த, கிராமத்துச் செலவுக்குள் அடங்குகிற, குழந்தையை மட்டுமல்லாமல் தாயையும் மாணவியாகப் பார்க்கிற கல்வி. மலையில் இருந்ததைவிட இது நமக்கு நெருக்கமானது. சேவிகை வீட்டுக்கே போனாள், அடுப்படியில் உட்கார்ந்து பேசினாள், பிரசவம் பார்த்தாள்.

ஆனால் தாயை மாணவி ஆக்குவது அவளைக் கூட்டாளி ஆக்குவதல்ல. இங்கே நான் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. குழந்தை விதவையாகி, பிறகு டாக்டராகி, மறுமணம் செய்து, தன் வர்க்கத்தின் பங்களாவை விட்டு இந்தப் பொட்டலுக்கு வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை நம் விமர்சனங்களைவிடப் பெரியது. கேள்வி தனிமனிதர்களைப் பற்றியதல்ல, அறிவின் திசையைப் பற்றியது. அறிவு நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போனது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு வர அதற்கு வழி இருந்ததா?

1959இல் காந்திகிராமத்தை மையமாகக் கொண்டு ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. பிறப்பு விகிதத்தைக் குறைத்ததற்காக ‘ஆத்தூர் அனுபவம்’ வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. 1964இல் அதற்கென ஒரு நிறுவனமே எழுந்தது. அதன் பெயரில் ‘குடும்பக் கட்டுப்பாடு’ இருந்தது. எமர்ஜென்சிக்குப் பிறகு 1977இல் நாடு முழுக்க அந்தச் சொல் ‘குடும்ப நலம்’ ஆயிற்று. இதைக் கவனிக்க வேண்டும். அரசின் சொல்லாடலில் ‘குடும்பம்’ எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய இடமாகத்தான் முதலில் நுழைகிறது. அதே வாசலில், அதே நோட்டோடு, பின்னால் பால்வாடியும் வந்து நின்றது. வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்து பேசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

4

‘அங்கன்வாடி’ என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டி என்ற ஊரில் 1945இல் தாராபாய் மோடக் கிராமத்துப் பால்வாடி தொடங்கினார். தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே வந்து சேரவில்லை. ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. பால்வாடியையே அவர்கள் குடியிருப்புக்குள் கொண்டுபோய் முற்றத்தில் நடத்தினார். அங்கன் என்றால் முற்றம். கூடவே அனுதாய் வாக் இருந்தார். கட்டடம் குழந்தையிடம் போன சம்பவம் இது. தாயின் வேலைக்கு நடுவே, அவள் கண்ணெதிரே, அவள் குறுக்கிட்டுப் பேசக்கூடிய தூரத்தில் வகுப்பு நடந்தது.

1975 அக்டோபர் 2இல் நாடு முழுக்க 33 ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முற்றம் கட்டடம் ஆயிற்று. கட்டடம் எங்கே என்பது நம் பக்கத்தில் சாதியின் கேள்வி. ஊருக்குள் கோயில் பக்கம் கட்டினால் காலனிப் பிள்ளை தயங்கித்தான் வரும். காலனியில் கட்டினால் ஊர்ப் பிள்ளை வராது; ‘அங்க போயி எம்புள்ள சாப்பிடுமா?’ என்பார்கள். சமையல்காரர் தலித் பெண் என்றால் தட்டு வீட்டிலிருந்தே வராது. இந்தக் காட்சியைத் தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்திலும் பார்த்தவர்கள் உண்டு. ஆக, ‘குடும்பத்தின் விருப்பம்’ என்பதை அப்படியே புனிதமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. சில குடும்பங்களின் விருப்பம் மற்ற குடும்பங்களை வெளியே தள்ளுவதாக இருக்கிறது. குடும்பத்தோடு கூட்டு என்பவர்கள் எந்தக் குடும்பத்தோடு என்று முதலில் சொல்ல வேண்டும்.

5

எழுபதுகளின் கடைசிவரை சமவெளியின் பெரும்பாலான கிராமங்களில் பால்வாடி என்று எதுவும் கிடையாது. அதைக் கொண்டுவந்தது தராசும் சோறும்.

1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை மாசாமாசம் எடைபோட்டு அட்டையில் புள்ளி வைப்பார்கள். கோடு ஏறினால் சரி. ஏறாவிட்டால் 90 நாளைக்குச் சத்துருண்டை. கோடு நேரானதும் உருண்டை நிற்கும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு இதனால் குறைந்தது என்பதை மறுக்கவில்லை. உயிர் பிழைத்த குழந்தையின் முன்னால் நின்று கோட்பாடு பேசக் கூடாது. ஆனால் அந்த அட்டை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை? கிராமைப் பார்த்தது. குழந்தை கூப்பிட்டால் திரும்புகிறதா, விரலைப் பிடிக்கிறதா, எட்டு மாசத்தில் உட்கார்ந்ததா என்று தெரிந்துகொள்ள அதில் கட்டம் இல்லை. காது கேளாத குழந்தை நல்ல எடையோடு இருக்கும். அதன் கோடு அழகாக மேலே ஏறும்.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குப் பால்வாடி, அதற்கு மேல் பள்ளிக்கூடம். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தந்தார்கள். ஒரே வீச்சில் கிராமந்தோறும் குழந்தைகளுக்கென ஓர் இடம், சம்பளத்தோடு ஒரு பெண். இந்தியாவில் அதற்கு முன் இந்த அளவில் நடக்காதது. இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன என்றால் அதன் அடித்தளம் இதுதான். ‘சோறு போட்டு ஓட்டு வாங்கினார்’ என்று அன்று கேலி பேசிய அறிவாளிகள் இந்தக் கட்டடங்களை எண்ணிப் பார்க்கலாம்.

அதேசமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தராசும் சோறும் குடும்பத்துக்குக் கொடுத்த பாத்திரம், குழந்தையைக் கொண்டுவந்து விடுவதும் அழைத்துப்போவதும்தான். படிப்பு வேண்டுமென்றால் வீட்டார் வேறு வாசலைத் தேடினார்கள். கடன் வாங்கி நர்சரியில் போட்டார்கள். ‘பால்வாடி சோத்துக்கு, இங்கிலீஷ் படிப்புக்கு’ என்ற பிரிவினை இப்படி வந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. திறந்தது, வீட்டார் காலால் போட்ட அந்த ஓட்டுக்கு அரசு தாமதமாகச் சொன்ன பதில். குடும்பங்கள் பேசவில்லை என்பது பொய். பேசின, காது எட்டவில்லை.

6

மையம் திறப்பது காலை, மூடுவது பிற்பகல். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்க இருட்டோடு போக வேண்டும். மொட்டு விரியுமுன் மார்க்கெட்டுக்குப் போகணும். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் ஷிப்ட் பால்வாடி மணியைப் பார்த்து ஓடுவதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் இரவிலும் தூங்காது. அப்படியானால் அதிகாலையிலும் அந்தியிலும் குழந்தையை வைத்திருந்தது யார்?

கொஞ்ச நேரம் தூளி. மிச்ச நேரமெல்லாம் அக்கா. ஏழெட்டு வயசுப் பெண்ணின் இடுப்புதான் இந்தச் சமவெளியின் மிகப் பழைய, மிகப் பெரிய பால்வாடி. ‘தம்பியைப் பாத்துக்க’ என்ற மூன்று நிமிஷ ஏற்பாட்டில் அவளுடைய மூன்றாம் வகுப்பு போய்விடும். தம்பிக்கு நடக்க வராது என்றால் அவளுடைய ஏழாம் வகுப்பும் போகும். ‘குடும்பத்தின் பங்கு’ என்று எழுதும்போது நாம் தாய் என்று வாசிக்கிறோம். பல வீடுகளில் அது அக்கா. அப்பன் அந்தப் படத்திலேயே இல்லை.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 50க்கு மேல் பெண்கள் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அது 30க்கு மேல் என்றானது. எண்ணிக்கையில் சட்டத்தை நிறுத்தினால் எண்ணிக்கையிலேயே தப்பிக்கவும் வழி கிடைக்கும். கான்ட்ராக்ட் கூலியாக எழுதினால் அந்தப் பெண் கணக்கிலேயே வர மாட்டாள். பூப்பறிப்பவளும் காய் சுமப்பவளும் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. அவர்களுக்கு அந்தச் சட்டம் பேப்பர்தான்.

7

இப்போது என் மையமான விஷயத்துக்கு வருகிறேன். இது இலக்கணம் சம்பந்தப்பட்டது.

1950இல் அரசியல் சாசனத்தின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. ‘வரை’ என்றது. எங்கிருந்து என்று சொல்லவில்லை. ஆகவே பிறந்த குழந்தையும் அதற்குள் இருந்தது. அதற்கு முன் 1944இல் சார்ஜன்ட் அறிக்கை பத்து லட்சம் குழந்தைகளுக்கு நர்சரி இடம் வேண்டும், அது இலவசமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. பின்வாங்கல் மெதுவாக நடந்தது. 1966இல் கோத்தாரி கமிஷன் முன்பருவப் பள்ளிகளை நடத்துவதைப் பெரும்பாலும் தனியார் முயற்சிக்கு விட்டது. (அந்தக் கமிஷன் அமைக்கப்பட்ட 1964இல் மத்திய கல்வித் துணை அமைச்சராக இருந்தவர் திண்டுக்கல் எம்.பி.யான அதே சௌந்தரம் அம்மையார் என்பது வரலாற்றின் கசப்பு.) 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமையானது, ஆனால் ‘ஆறு முதல் பதினான்கு’. ஆறுக்குக் கீழ் இருப்பவர்கள் புதிய 45ஆம் பிரிவின் ‘முயல வேண்டும்’ என்பதில் தங்கினார்கள். பெற்றோரின் கடமை என்று அதே திருத்தம் சேர்த்ததும் ஆறு முதல்தான். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றது.

மாற்றுத்திறன் குழந்தைகளின் கதையிலும் இதே இலக்கணம். 1995ஆம் வருஷச் சட்டம், பதினெட்டு வயது ஆகும் வரை ஒவ்வொரு ஊனமுற்ற குழந்தைக்கும் இலவசக் கல்வி என்றது. ‘வரை’. 2016ஆம் வருஷச் சட்டம் பல வகைகளில் மேலானது. ஏழாக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கியது, உரிமை என்ற மொழியில் பேசியது. ஆனால் அதன் 31ஆம் பிரிவு இலவசக் கல்வி உரிமையை ‘ஆறு முதல் பதினெட்டு’ என்கிறது, அதுவும் 40 சதவீதம் என்ற அளவைத் தாண்டியவர்களுக்கு. இரண்டு தடவையும் ‘வரை’ போய் ‘முதல்’ வந்தது. உரிமை வலுத்த அதே வரியில் ஆறு வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் உதிர்ந்தார்கள். 2011 சென்சஸ் கணக்கில் நாட்டில் ஆறு வயது வரையிலான ஊனமுற்ற குழந்தைகள் சுமார் 20 லட்சம்.

மூளையும் தசையும் பேச்சும் வளைந்துகொடுக்கும் வயது எதுவோ, அந்த வயதில்தான் சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது. எடுத்த இடத்தில் ஒரு சொல்லை வைக்கிறது: குடும்பம். ‘குடும்பத்தோடு கூட்டாண்மை’ முன்னுக்கு வந்த காலமும் ‘வரை’ பின்னுக்குப் போன காலமும் ஒன்று என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

2010இல் தமிழில் ‘ஊனமுற்றோர்’ ‘மாற்றுத்திறனாளி’ ஆனார்கள். நல்லது. 2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. ஆரம்பத்திலேயே கண்டறி, மற்றவர்களோடு சேர், குடும்பத்துக்குப் பலம் கொடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பு என்கிறது. இதுவும் நல்லது. இதைச் செய்ய வேண்டியவர் யார்? ஒரு பணியாளர், ஒரு உதவியாளர்.

வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நாலு வயசுப் பையன், கால் நிற்காது, பேச்சு குழறும். அம்மா மில்லுக்குப் போகிறவர். பையன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, எடை எழுதியிருக்கிறது, சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போகிறது. பதிவேட்டில் இருக்கிறான், பாயில் இல்லை. பாட்டு நடக்கும்போது அக்கா இடுப்பில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பான், கையைத் தட்டுவான். பணியாளர் ஒளிக்காமல் பேசினார்: ‘சேத்துக்க மாட்டேன்னு சொல்லல சார். இருவத்திரெண்டு புள்ளைக. ஆயாம்மா அடுப்புல நிப்பாங்க. இவன் ஒண்ணுக்குப் போனா யாரு தூக்குறது? கீழ விழுந்தா யாரைக் கேப்பாங்க?’ அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. தராசுக்கும் சோற்றுக்கும் ஆள் கணக்குப் போட்டு அமைத்த ஓர் இடத்தில் மூன்றாவது வேலையை வைத்துவிட்டு, அதற்கான கையை வைக்காமல் போனவர்கள் யாரோ அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு மையத்தில் சொன்ன யோசனை, திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி எடுங்கள் என்பது. வாரம் ஒருநாள் என்றால் ஒருநாள் சம்பளம், பஸ் சார்ஜ், தூக்கிக்கொண்டு ஏற இன்னொரு ஆள். ‘பயிற்சி எனக்கா அவனுக்கா?’ என்று அவர் கேட்டார். அது நக்கல் அல்ல, கோட்பாட்டுக் கேள்வி. அமெரிக்காவின் விஸ்கான்சினில் போர்ட்டேஜ் என்ற சிறு ஊரில் 1969இல் தொடங்கிய முறையில், பயிற்சியாளர் வாராவாரம் வீட்டுக்கு வருவார். அந்த வாரத்தின் சின்ன இலக்கைத் தாயோடு சேர்ந்து தீர்மானிப்பார். அங்கேயும் வேலை தாயின் தலையில்தான். ஆனால் பயணம் செய்பவர் சம்பளம் வாங்குகிறவர். இந்த ஒரு வித்தியாசம் போதும், கூட்டாண்மை எது, சுமையைக் கைமாற்றுவது எது என்று பிரித்துக்கொள்ள.

8

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: குடும்பம் என்பதே ஆணாதிக்கத்தின், சாதியின் தொழிற்சாலை. குழந்தையைச் சீக்கிரம் அதிலிருந்து வெளியே கொண்டுவருவதுதானே நம் அரசியல்? நீர் என்ன குடும்பத்துக்குக் கூட்டாளி அந்தஸ்து கேட்கிறீர்? பாதி சரி. குடும்பத்தை ஒரே உடலாகப் பார்த்தால் கூட்டாளி நாற்காலியில் அப்பனோ மாமனாரோதான் வந்து உட்காருவார். ஆனால் குழந்தையை வெளியே கொண்டுவர அரசு தயாராகவே இல்லை என்பதுதான் மேலே சொன்ன வரலாறு. இருபது லட்சம் குழந்தைகளைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே அனுப்பியது குடும்பத்தின் அதிகாரம் மட்டுமல்ல, ‘முதல்’ என்ற சொல்லும்தான். தாயையும் அக்காவையும் விடுவிப்பதற்கான கோரிக்கையும் குழந்தையை உள்ளே சேர்ப்பதற்கான கோரிக்கையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அப்படியானால் கேட்க வேண்டியவை எளிமையானவை. மையத்தின் நேரத்தை அந்த ஊர்ப் பெண்களின் வேலை நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பூப்பறிக்கிற ஊருக்கு ஒரு நேரம், மில் ஊருக்கு ஒரு நேரம். மாற்றுத்திறன் குழந்தை இருக்கும் மையத்தில் மூன்றாவது ஆள் வேண்டும், சம்பளத்தோடு. பயிற்சியாளர் குழந்தையிடம் வர வேண்டும். குழந்தை போக வேண்டியிருந்தால் துணைக்குப் போகிறவரின் கூலியைத் திட்டம் தர வேண்டும். மையத்தின் கணக்கும் பதிவேடும் மாசம் ஒருமுறை முற்றத்தில் வாசிக்கப்பட வேண்டும், யார் பாயில் இல்லை என்ற பட்டியலோடு; காலனி முற்றத்திலும் சேர்த்துத்தான். சட்டத்தில் ‘ஆறு முதல்’ என்பதை அடித்துவிட்டு ‘வரை’ என்ற பழைய சொல்லைத் திரும்பப் போட வேண்டும். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. முற்றம் 1945இல் இருந்தது, ‘வரை’ 1950இல் இருந்தது. இருந்ததை எடுத்தவர்களிடம் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.